பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புது மூடி: வார்த்த அலுமினியம் ஏன் சுருங்குகிறது?

எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி (தலைமைக் குமாஸ்தா) ஒரு காலத்தில் ஓட்டிய பி.எஸ்.ஏ. பேன்டம், லயத்துக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் மழையில் நனைந்து கிடந்து, கடைசியில் என் கைக்கு வந்தது. 123 சி.சி., டூ ஸ்ட்ரோக். இந்த வண்டிக்கு ஒரு கதை உண்டு. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி.125 வண்டியின் வரைபடங்கள் போர் இழப்பீடாக இங்கிலாந்துக்குப் போயின. அதை இடம் வலமாகத் திருப்பிப் போட்டு 1948-இல் பேன்டம் என்று விற்றார்கள். ஆக, அந்த இன்ஜினே ஒரு நகல்தான். அதன் கிளட்ச் மூடியை நானும் நகலெடுத்துவிடலாம் என்று நினைத்ததில் தப்பில்லைதானே?

மூடி மூன்று துண்டாக உடைந்திருந்தது. அதிலும் ஒரு துண்டைக் காணோம். இருந்ததை ஒட்டி, இல்லாததைக் கார் பட்டறையில் பூசும் புட்டியால் நிரப்பி, மணலில் பதித்து எடுத்து, அலுமினியத்தை உருக்கி ஊற்றினேன். வந்தது. பார்க்க அழகாகவே வந்தது. இன்ஜினில் வைத்து ஒரு பக்கம் ஸ்க்ரூவைப் போட்டேன். எதிர்ப் பக்கத்து ஓட்டை இரண்டரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நின்றது. மூடியைத் திருப்பிப் பார்த்தால், கிக்கர் தண்டு நுழையும் தடித்த கழுத்துக்கு அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி.

ரப்பர் ஸ்டோரில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார். மூடியைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "மாப்ளே, அச்சு எந்த அளவுல செஞ்சே?" என்றார். மணலில் பதிக்கும் மாதிரியைத்தான் அச்சு என்கிறார். "அதே அளவுதான் மாமா." "அதான் தப்பு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த ஓட்டை விலகலுக்கும் இந்தக் குழிக்கும் மூலம் ஒன்றுதான்: சுருக்கம். வீட்டில் வார்ப்பு வேலை பழக வருகிறவர்கள் உலை, நெருப்பு, கையுறை என்றே யோசிக்கிறார்கள். உருக்குவது பெரிய வித்தை இல்லை. உருகியது உறையும்போது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உருக்கிய நெய்யை அகலமான கிண்ணத்தில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். யாரும் நெய்யை எடுத்துத் தின்னவில்லை. ஓரம் முதலில் உறைந்தது. உறையும்போது சுருங்கி, நடுவில் இன்னும் நீராக இருந்த நெய்யைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கடைசியாக உறைந்த நடுப்பகுதிக்குக் கொடுக்க ஆளில்லை, அங்கே பள்ளம். தண்ணீர் இதற்கு நேர் எதிர். உறைந்தால் பெருக்கும், அதனால்தான் ஐஸ் தட்டில் நடு மேடாகிறது. உலோகங்களில் பெரும்பாலானவை நெய்யின் கட்சி.

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். நீர் நிலையிலிருந்து கட்டியாகும் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் அதன் பருமன் 6 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. என் மூடியில் கழுத்து தடிப்பு, சுற்றியிருந்த சுவர் நாலு மில்லி. சுவர் உடனே உறைந்தது. கழுத்து மெதுவாக உறைந்தது. சுவருக்குப் போதாதபோது கழுத்திலிருந்து எடுத்துக்கொண்டது. கழுத்துக்குப் போதாதபோது எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. கடைசியில் எது உறைகிறதோ, குழி அங்கேதான் விழும். இந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டாலும் தகும்.

சரி, குழி விழத்தான் செய்யும் என்றால் என்ன செய்வது? அது மூடிக்கு வெளியே விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் ரைசர். தடித்த இடத்துக்குப் பக்கத்தில், அதைவிடப் பருமனான ஒரு குழாய் போன்ற பள்ளத்தை மணலில் விட்டு, அதையும் உலோகத்தால் நிரப்புகிறோம். மூடி உறையும் வரை ரைசர் நீராகவே இருந்து, கேட்கக் கேட்கக் கொடுக்கும். பிறகு அது உறையும்போது அதன் தலையில் குழி விழும். ரைசரை ரம்பத்தால் அறுத்து மறுபடி மூசையில், அதாவது உருக்கும் குவளையில், போட்டுவிடலாம். முதல் முறை செய்கிறவர்கள் ரைசரைப் பென்சில் தடிப்புக்கு வைப்பார்கள், நானும் வைத்தேன். அது மூடிக்கு முன்பே உறைந்து, கொடுப்பதை விட்டுவிட்டு மூடியிடம் வாங்க ஆரம்பித்துவிடும். கஞ்சத்தனம் பார்க்கக் கூடாத இடம் இது. உடைந்த மூடியின் துண்டுகளைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு உலோகம் உருக்கினால்தான் உலோகம் ஓடிவரும் பாதைக்கும் ரைசருக்கும் சேர்த்து வரும்.

அடுத்தது ஓட்டை விலகல். உலோகம் கட்டியான பிறகும் சுமார் 600 டிகிரியிலிருந்து நம் ஊர் வெயில் அளவுக்கு ஆற வேண்டும் அல்லவா? ஆற ஆறக் கட்டி உலோகமும் எல்லாப் பக்கமும் சுருங்குகிறது. அலுமினிய வார்ப்புக்கு இது நீளத்தில் ஏறக்குறைய 1.3 சதவீதம், ஒரு மீட்டருக்கு 13 மில்லி. கேட்கச் சின்னதுதான். இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு நடுவே 200 மில்லி என்றால் 2.6 மில்லி போய்விடும். ஸ்க்ரூ ஓட்டையில் நமக்கு இருக்கும் இடைவெளியோ அரை மில்லி. உடைந்த பழைய மூடியையே அச்சாக வைத்தால் மூடி ஒருநாளும் பொருந்தாது என்று மாமா சொன்னது இதைத்தான்.

இந்தச் சுருக்கத்தை ரைசர் தடுக்காது. இதற்கு மருந்து அச்சில் இருக்கிறது: அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். 200 மில்லிக்கு 202.6. வார்ப்புப் பட்டறைகளில் அச்சு செய்யும் தச்சர்கள் இதற்கென்றே கோடுகள் கொஞ்சம் விரித்துப் போட்ட ஓர் அளவுகோல் வைத்திருப்பார்கள். அதில் 200 என்று இருப்பது நிஜத்தில் 200-க்கு மேல்; அவர்கள் கணக்கே போடுவதில்லை. இப்போது முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருக்கும் பையன்கள் கணினியில் 101.3 சதவீதம் என்று தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். நான் மரத்தில் செய்தேன். எல்லா ஓட்டைகளையும் வார்ப்பிலேயே கொண்டுவர முயலவும் இல்லை. கட்டியாக வார்த்து, பிறகு கேஸ்கட்டை மேலே வைத்துக் குறித்துத் துளை போட்டேன். தலைவலி பாதி குறைந்தது.

அச்சில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. இன்ஜினோடு ஒட்டும் முகத்தை வார்த்தபின் தேய்த்துச் சமப்படுத்த வேண்டியிருக்கும். அங்கே 2 மில்லி கூடுதலாக வையுங்கள். அப்புறம், அச்சின் சுவர்கள் செங்குத்தாக இருந்தால் மணலிலிருந்து எடுக்கும்போது மணலைப் பிய்த்துக்கொண்டு வரும். ஒன்றிரண்டு டிகிரி சாய்வு போதும். தலைகீழாகத் தட்டினால் கிண்ணத்திலிருந்து இட்லி கழன்று வருமே, அந்தச் சாய்வு.

இனி மணல். மலேசியாவில் எங்கள் கிந்தா பள்ளத்தாக்கில் மணலுக்குப் பஞ்சமில்லை. ஈயம் அலசிக் கழித்த மணல் மேடு மேடாகக் கிடக்கும் ஊர். (தமிழில் ஒரு வேடிக்கை: சுரங்கத்தில் தோண்டியதும் ஈயம், ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் ஈயம், அலுமினியச் சட்டியும் பாட்டிக்கு ஈயச்சட்டிதான். இந்தக் கட்டுரையில் உருகுவது அந்தக் கடைசி ஈயம்.) நல்ல பொடி மணலைச் சலித்து எடுத்து, பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பென்டோனைட் களிமண் பொடி கலக்க வேண்டும். வாசனை சேர்க்காத பூனை மணலில் பல வகை பென்டோனைட்தான். இடித்துச் சலித்தால் ஆகும். பிறகு தண்ணீர் தெளித்துப் பிசற வேண்டும். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால், எடையில் 3 முதல் 5 சதவீதம் என்று புத்தகக் கணக்குச் சொல்லலாம். ஆனால் நம் வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் தெரிந்த கணக்கு இருக்கிறது: புட்டு மாவுப் பதம். கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், இரண்டாக ஒடித்தால் விளிம்பு உதிராமல் ஒடிய வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. என் அம்மா ஒருநாள் வந்து, ஒரு பிடி எடுத்துப் பார்த்து, "தண்ணி ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜாஸ்திதான்.

அடியும் மேலும் திறந்த இரண்டு மரச் சட்டங்கள் வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று அசையாமல் உட்காரும்படி. கீழ்ச் சட்டத்தில் அச்சை வைத்து மணலை இடித்து நிரப்பித் திருப்புங்கள். மேலே குழந்தைக்குப் போடும் டால்க் பவுடரைத் தூவுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பாதியும் ஒட்டிக்கொள்ளும். மேல் சட்டத்தை வைத்து, ஊற்றும் குழாய்க்கும் ரைசருக்கும் உருட்டுக் கட்டைகளை நட்டு, மறுபடி இடியுங்கள். பிரித்து, அச்சைத் தட்டித் தட்டித் தளர்த்தி எடுத்தால் மணலில் மூடியின் வடிவம் வெற்றிடமாக நிற்கும். ஊற்றும் குழாயிலிருந்து அதற்குள் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். சைக்கிள் கம்பியால் மேலிருந்து நாலைந்து இடத்தில் குத்தி, காற்று போக வழி விடுங்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உரு செய்து மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றுகிறார்கள். அங்கே அச்சு தானே கரைந்துபோவதால் சாய்வுக் கவலை இல்லை. நமக்கு அச்சு திரும்ப வேண்டும், அதனால் மணல்.

எதை உருக்குவது என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். குளிர்பானக் காலி டின்கள் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். தகடாக இழுப்பதற்கான கலவை அது. மெல்லியது வேறு, பாதி கசடாகவே போய்விடும். வார்த்த பொருளை வார்ப்பதற்கு எடுங்கள். பெசி புருக் (பழைய இரும்பு) கடைத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், உடைந்த கார் ஸ்போர்ட் ரிம், கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) இன்ஜின் மூடி, தேய்ந்த பிஸ்டன் என்று கேளுங்கள். இவற்றில் சிலிக்கான் கலந்திருக்கும். கார் ரிம்களில் பொதுவாக 7 சதவீதம் போல, பிஸ்டன்களில் 12 பக்கம். சிலிக்கான் உறையும்போது தண்ணீரைப் போலப் பெருக்கும் குணம் கொண்டது. அதனால் கலவையின் மொத்தச் சுருக்கம் குறையும், மெல்லிய சுவர்களுக்குள்ளும் நன்றாக ஓடும். அந்தக் காலத்தில் தெருவில் "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவியவர்கூட எடுத்தவுடன் எடையைத்தான் பார்ப்பார். நீங்களும் அதைச் செய்யுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் கார்புரேட்டர்கள் பல துத்தநாகக் கலவை. அலுமினியம் போலவே தெரியும், கையில் எடுத்தால் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். அது கலந்தால் உங்கள் வார்ப்பும் கெடும், புகையும் கெட்டது. மாறாக, அலுமினியத்தைவிட லேசாக இருந்தால் மக்னீசியமாக இருக்கலாம். அரத்தால் தேய்த்த இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். பொங்கி நுரைத்தால் ஒதுக்கிவையுங்கள். மக்னீசியம் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. ஊற்றினால் இன்னும் மூர்க்கமாகும்.

உலை பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. வெப்பம் தாங்கும் சிமெண்ட் பூசிய இரும்பு வாளி, கோலா செப்பெத்தாங் சூளைகளிலிருந்து வரும் கண்டல் கரி, அடியில் ஒரு குழாய் வழியாகத் தலைமுடி உலர்த்தும் மிஷினின் காற்று, அது போதும். கேஸ் தோங் (சிலிண்டர்) வைத்து பர்னர் போடுகிறவர்களும் உண்டு. மூசை மட்டும் நல்லதாக வாங்குங்கள், களிமண்ணும் கிராஃபைட்டும் சேர்ந்தது. இரும்புக் குவளையில் உருக்கினால் உருகிய அலுமினியம் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தின்னும். வார்ப்பும் நொறுங்கலாகும், ஒருநாள் குவளையின் அடியும் போய்விடும்.

ஊற்றும் சூடு 700 முதல் 750 டிகிரி. இங்கே ஓர் ஆபத்து: இந்தச் சூட்டிலும் பகல் வெளிச்சத்தில் அலுமினியம் சிவந்து தெரியாது. ஆறிப்போன பாதரசம் மாதிரிப் பளபளவென்று சும்மா இருக்கும். கண்ணை நம்பாமல் கே வகை வெப்பமானி ஒன்று வாங்குங்கள். சூட்டைத் தேவைக்கு மேல் ஏற்றவும் வேண்டாம். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். சூடு கூடக் கூட இன்னும் அதிகமாகக் குடிக்கும். உறையும்போது வைத்துக்கொள்ள முடியாமல் அத்தனையையும் வெளியே விடும். மூடி முழுக்க ஊசித் துளைகள். துண்டுகளை உலையோரம் வைத்துக் காயவைத்தபின் போடுங்கள். கிண்டிக்கொண்டே இருக்காதீர்கள். உருகியவுடன் கசடை எடுத்துவிட்டு ஊற்றிவிடுங்கள்.

துளை என்றால் எல்லாம் ஒரே துளை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உடைத்துப் பார்த்தால் தெரியும். உள்சுவர் வழவழப்பாக, உருண்டையாக இருந்தால் வாயு. ஈரத்தையும் சூட்டையும் கவனியுங்கள். சொரசொரவென்று, கிழிந்த மாதிரி, கிளை கிளையாக இருந்தால் சுருக்கம், ரைசரைப் பெரிதாக்குங்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒரு மாதம் சுருக்கக் குழிக்கு ஈரத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஈரம் என்றதும் இன்னொன்று. தண்ணீர் ஆவியானால் பருமன் சுமார் 1,700 மடங்கு பெருகும். உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் மாட்டிக்கொண்டாலே அது உலோகத்தையெல்லாம் முகத்துக்கு நேரே வீசிவிடும். சிமெண்ட் தரைக்குள்ளும் ஈரம் இருக்கிறது. அதன்மேல் சிந்தினால் தரை வெடித்துத் தெறிக்கும். காய்ந்த மணலைப் பரப்பி அதன்மேல் வேலை செய்யுங்கள். இடுக்கியையும் கசடுக் கரண்டியையும் உலோகத்தில் விடுமுன் சூடாக்குங்கள். தோல் பூட்ஸ், பருத்தி முழுக்கால் சட்டை, முகக் கவசம்; சிலிப்பரோடு உலைப்பக்கம் போகவே கூடாது. பிள்ளைகளும் கோழிகளும் வேலிக்கு அந்தப் பக்கம். நான் காலையில்தான் ஊற்றுவேன். எங்கள் ஊரில் மூன்று மணி மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

எதையெல்லாம் இப்படி வார்க்கலாம்? மூடிகள், தாங்கிகள், கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் குழாய் போன்றவை சரி. கனெக்டிங் ராடு, சக்கர ஹப், ஹேண்டிலைப் பிடிக்கும் பாகம் எதையும் வீட்டில் வார்க்காதீர்கள். உள்ளே ஒரு சின்னச் சுருக்கக் குழி இருந்தாலே ஓடும்போது முறியும், அது கண்ணுக்கும் தெரியாது. பிஸ்டன் வார்ப்புதானே என்று கேட்பார்கள். ஆமாம், ஆனால் அது பார்க்க உருளையாக இருந்தாலும் மேலே சிறுத்து, குறுக்கே நீள்வட்டமாகக் கடையப்பட்டது, வாங்கிவிடுவது மேல். பேன்டமின் சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதற்கு இந்தக் கரி உலை காணாது. இன்னொன்றும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: மூடியில் விரிசல் மட்டும்தான், துண்டு எதுவும் தொலையவில்லை என்றால் டிக் வெல்டிங் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒரு மணி நேர வேலை.

வார்த்தது ஆறியபின் ரைசரை அறுத்து, கண்ணாடிப் பலகையில் உப்புத்தாள் ஒட்டி ஒட்டும் முகத்தைத் தேயுங்கள். ஓட்டை போடுமுன் ஒரு சோதனை உண்டு, மாமா சொல்லிக்கொடுத்தது. மூடியை மல்லாத்தி, வெளிப்பக்கம் முழுக்க வெள்ளைச் சாக்பீஸைத் தேய்த்துக் காயவிடுங்கள். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத துளைகளிலும் மண்ணெண்ணெய் கசிந்துவிடும்; சாக்பீஸில் கறை காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது மூடியில் கழுத்தைச் சுற்றி வளையமாகக் கறை வந்தது. ரைசரை இன்னும் தடிப்பாக்கி வார்த்த மூன்றாவதில் ஒரே ஒரு புள்ளி, கடுகளவு. ஒரு கடுகுக்குப் போய்ப் பார்ப்பதா, பசை வைத்து அடைத்துவிடலாமே என்று மாமாவிடம் கேட்டேன். "கிளட்ச் எண்ணெய் உன் செருப்புல சொட்டுனா பரவாயில்லையா?" என்றார்.

மறுநாள் காலை அதை நாலாக உடைத்து மூசையில் போட்டேன். இப்போது பேன்டமில் இருப்பது நாலாவது.